ஊற்றி மூடாதீர்கள்

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ்நாட்டு எல்லையோரத்தில் கார் வைத்திருக்கும் உங்களுக்கு,

உங்கள் டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், பாதி தீர்ந்த இன்ஜின் ஆயில் டப்பா ஒன்று இருக்கிறதா? இருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான். என் வண்டியிலும் ஒன்றரை வருஷம் அப்படியொரு டப்பா இருந்தது. அதை நான் முன்யோசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாரண்டியை நானே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது அந்த டப்பாவால்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை. மகளைக் கொடுத்திருப்பது மறையூரில். இரண்டு ஊரும் கேரளம்தான். ஆனால் இங்கிருந்து அங்கே போகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். பொள்ளாச்சி, உடுமலை, ஒன்பதாறு செக்போஸ்ட், சின்னாறு, அப்புறம் ஏற்றம். உங்களில் பலருக்கு இதே போல வாளையாரோ கோபாலபுரமோ போடிமெட்டோ குமுளியோ வாசற்படி மாதிரி. இங்கே வீடு, அங்கே வண்டி வாங்கிய ஷோரூம். இந்த விஷயத்தில் நாம் ஏமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

என் பெட்ரோல் வண்டியைக் கோயம்புத்தூரில் வாங்கினேன். மூன்று வருஷ வாரண்டி. இரண்டாம் வருஷம் மறையூரிலிருந்து இறங்கி வரும்போது, சின்னாறுக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில், டேஷ்போர்டில் சிவப்பாக ஆயில் விளக்கு மின்னி அணைந்தது. பின் சீட்டில் என் மனைவி, அவள் மடியில் பேரன். மணி ஐந்தரை. இருட்டினால் யானை இறங்கும் ரோடு அது. பின்னால் வந்த மறையூர் ஜீப்காரத் தம்பி ஒருவர் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். “ஐயா, நுனியிலகூட ஒட்டலையே” என்றார். அவர் ஜீப்பில் இருந்த ஆயிலை ஊற்றித்தான் உடுமலை வந்து சேர்ந்தோம். அது என்ன கிரேடு என்று கேட்கும் நிலையில் அன்று நான் இல்லை.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் சொன்னேன். அட்வைசர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். “மலையில ஓட்டறீங்க சார், கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும், நார்மல்தான்” என்றார். ஆயிலை நிரப்பினார்கள், பில் போட்டார்கள். அடுத்த பதினான்கு மாதத்தில் இதே பேச்சும் இதே பில்லும் ஐந்து தடவை நடந்தன. இடையில் குறைந்ததற்கு என் டிக்கி டப்பா. வாரண்டி முடிந்து நாற்பதாவது நாள், சைலன்ஸரில் நீலப் புகை நிற்காமல் வந்தபோது, அதே இடத்தில் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். பிஸ்டன் ரிங் போய்விட்டது என்றார்கள். எஸ்டிமேட் எண்பதாயிரத்தைத் தாண்டியது. வாரண்டியிலேயே சொன்னேனே என்றேன். “ரெக்கார்டுல இல்லையே சார்” என்றார்கள். பழைய ஜாப் கார்டுகளை வீட்டில் தேடி எடுத்து விரித்துப் பார்த்தேன். ‘ஜெனரல் செக்கப்’, ‘டாப்-அப்’, ‘வாட்டர் வாஷ்’. ஆயில் குறைகிறது என்ற என் புகார் ஐந்து தாளில் ஒன்றில்கூட ஏறவில்லை. ஒரு தாளில் மட்டும் ஒரு வரி தெளிவாக இருந்தது: வெளி ஆயில் ஊற்றப்பட்டுள்ளது.

அந்த ஜீப்காரத் தம்பி செய்த உதவி எனக்கு எதிரான சாட்சியமாக ரெக்கார்டில் இருக்கிறது. நான் பதினான்கு மாதமாக வாயால் சொன்னது எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு பார்க்கிறவர்களையெல்லாம் கேட்கத் தொடங்கினேன். கல்யாண வீட்டில், பங்கில், டாக்சி ஸ்டாண்டில், உங்கள் வண்டி ஆயில் குடிக்குமா என்று கேட்பேன். முதலமடை மாங்காய் வியாபாரி ஒருவர், பூப்பாறையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர், குமுளியில் சவாரி ஓட்டுகிறவர், வளைகுடாவில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த வண்டியை வாரம் ஒரு முறை கோயிலுக்கு எடுக்கும் சித்தூர்ப் பெரியவர். கம்பெனி வேறு, மாடல் வேறு, பதில் மட்டும் ஒன்று: “ஊத்தி ஓட்டிக்கிறோம்.”

இந்தப் பதிலைத்தான் நீங்கள் விட வேண்டும் என்று கேட்கிறேன். நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு அரை லிட்டரும் கோளாறை மறைக்கிறது. விளக்கு எரிவதில்லை, சத்தம் வருவதில்லை, கம்பெனிக்குப் புகார் போவதில்லை. வாரண்டித் தேதி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

‘நார்மல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பல கார்களின் கையேட்டில், 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை ஆயில் குறையலாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். சிறிய பெட்ரோல் இன்ஜினில் மொத்தமே மூன்றரை லிட்டர் அளவுதான் பிடிக்கும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடையே பெரும்பாலும் 1 லிட்டர் அளவு. அடுத்த சர்வீஸோ 10,000 கிலோமீட்டரில். அவர்கள் சொல்லும் நார்மல்படி ஓடினால், ஒரு சர்வீஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே 10 லிட்டர் ஊற்ற வேண்டும், ஏறக்குறைய மூன்று முறை முழு ஆயில் மாற்றும் அளவு. லிட்டர் 500 ரூபாய் என்று வைத்தாலும் ஐயாயிரம் ரூபாய். வண்டி விற்கும்போது ஷோரூமில் யாராவது இதைச் சொன்னார்களா? மைலேஜ் எத்தனை என்று சொன்னார்கள், சர்வீஸ் செலவு எத்தனை என்று சொன்னார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் வாங்க வேண்டியிருக்கலாம் என்று சொல்லியிருந்தால் நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா?

இதே வாகனத் தொழில் இன்னொரு நாட்டில் எந்த அளவை ஒப்புக்கொண்டது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் தன் சில நான்கு சிலிண்டர் இன்ஜின்கள், 2007 முதல் வந்த கேம்ரி உட்பட, அளவுக்கு மீறி ஆயில் எரிப்பதை ஏற்று, 2015இல் டொயோட்டா ஒரு சிறப்பு வாரண்டித் திட்டம் கொண்டுவந்தது. 1,200 மைலுக்கு 1 குவார்ட்டுக்கு மேல் குறைந்தால் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றித் தந்தார்கள். நம் கணக்கில் அது 1,000 கிலோமீட்டருக்குச் சுமார் அரை லிட்டர். இதே குறைக்காக சுபாரு கார் வாங்கியவர்கள் 2014இல் நியூ ஜெர்சியில் வழக்குப் போட்டார்கள். 2016இல் சமரசமானபோது, அந்த இன்ஜின்களுக்கு 5 ஆண்டு, 60,000 மைல் என்றிருந்த வாரண்டி 8 ஆண்டு, 1 லட்சம் மைல் ஆனது. தங்கள் பணத்தில் முன்பே பழுது பார்த்தவர்களுக்கும் பணம் திரும்பியது. அந்த வண்டிக்காரர்களும் முதலில் நம்மைப் போல ஊற்றித்தான் ஓட்டியிருப்பார்கள். ஆனால் டீலரிடம் போய் அளக்கச் சொன்னார்கள், அளந்ததை எழுதி வாங்கினார்கள், எழுதியதை ஒன்றுசேர்த்தார்கள்.

மலையைக் காரணம் காட்டுவதில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைத்து உங்களிடம் வாதாட மாட்டேன். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும், நெல்லியாம்பதியிலிருந்து போத்துண்டி அணைக்கு இறங்கும் பாதையிலும், செகண்ட் கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்குகிறீர்கள். சரியான முறை அதுதான். செலவுக்குப் பயந்து நியூட்ரலில் மட்டும் இறங்கிவிடாதீர்கள், பிரேக் காய்ந்து உயிருக்கே ஆபத்து வந்துவிடும். அப்படி இறங்கும்போது பெட்ரோல் இன்ஜினில் காற்று போகும் வழி மூடியிருக்கும், இன்ஜினோ வேகமாகச் சுற்றும். அந்த உறிஞ்சலில் ரிங் வழியாகவும் வால்வு சீல் வழியாகவும் கொஞ்சம் ஆயில் சிலிண்டருக்குள் இழுபடும். கீழே இறங்கி மறுபடி மிதித்தவுடன் பின்னால் ஒரு நீலப் புகை வருவது அதனால்தான். ரிங்கும் சீலும் நன்றாக இருக்கும் வண்டியில் இது பேருக்குத்தான் நடக்கும். அவை தளர்ந்திருந்தால் மலை அதைச் சீக்கிரம் காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். மறையூரிலும் மூணாறிலும் நெடுங்கண்டத்திலும் வண்டி விற்கிறவர்களுக்கு, அங்கே மலை இருப்பது விற்ற பிறகா தெரிந்தது? மலையில் ஓட்டக் கூடாது என்று எந்த வாரண்டிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

எரிந்து குறைவதும் ஒழுகிக் குறைவதும் வேறு வேறு. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறை இருந்தால் டிரெயின் போல்ட் வாஷரோ, ஃபில்டரோ, ஆயில் சீலோ ஒழுகுகிறது. பெரும்பாலும் சிறிய வேலை. அட்டை சுத்தமாக இருந்து ஆயில் மட்டும் குறைந்தால், இன்ஜின் அதை எரிக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு தடவை மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீலைச் சந்தேகிக்கலாம். எரியும் ஆயில் சைலன்ஸர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் நாளடைவில் கெடுக்கும். அதை மாற்றுவதும் சின்னச் செலவில்லை. டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் ஆயில் அளவு ஏறுகிறதா என்றும் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில், குட்டைக் குட்டை ஓட்டமாக ஓட்டினால் டீசல் ஆயிலில் கலக்கலாம். அப்போது டிப்ஸ்டிக்கில் அளவு கூடியதாகத் தெரியும், உள்ளே ஆயில் நீர்த்திருக்கும்.

அளப்பதில் நம் ஊர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தேவிகுளத்திலும் உடும்பன்சோலையிலும் வீட்டு வாசலே சரிவு. சரிவில் நிற்கும் வண்டியில் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். சமதளம் வேண்டும். பக்கத்துப் பங்கின் சிமெண்ட் தரையோ பள்ளிக்கூட மைதானமோ போதும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிஷம் விட்டு, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். போனில் இரண்டு படம் எடுங்கள், டிப்ஸ்டிக் ஒன்று, கிலோமீட்டர் ஒன்று. டேஷ்போர்டின் சிவப்பு விளக்கை நம்பாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அது ஆயில் அளவைக் காட்டும் விளக்கே அல்ல. அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும். நான் சின்னாறில் கற்றுக்கொண்டது இதை.

இனி ஊற்ற நேர்ந்தால், கையேட்டில் சொன்ன கிரேடையே வாங்கி, பில்லை வைத்துக்கொள்ளுங்கள். தேதி, கிலோமீட்டர், எத்தனை மில்லி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சர்வீஸ் சென்டரில், “ஆயில் குறைகிறது, இத்தனை கிலோமீட்டரில் இத்தனை ஊற்றினேன்” என்பது ஜாப் கார்டில் ஏறிய பிறகே சாவியைக் கொடுங்கள். ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட் செய்யுங்கள் என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். மேல் கோடு வரை நிரப்பி, மூடியிலும் டிரெயின் போல்ட்டிலும் அடையாளம் போட்டு அனுப்புவார்கள். 1,000 கிலோமீட்டர் ஓடித் திரும்பும்போது குறைந்ததை அளப்பார்கள். நார்மல் என்று சொன்னால், எத்தனை குறைந்தது, எந்த அளவு வரை நார்மல் என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அன்று மாலையே நீங்கள் மெயில் எழுதுங்கள். இன்று இன்ன நேரத்தில் இப்படிச் சொன்னீர்கள் என்று எழுதி, டீலருக்கு மட்டும் அல்லாமல் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். இது முக்கியம். டீலர் செய்தது தயாரிப்பாளருக்குத் தெரியாது என்றால் அதற்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் டாடா மோட்டார்ஸ் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் புகார் டீலரின் மேஜையோடு நின்றுவிடக் கூடாது.

இப்போது எல்லை விஷயத்துக்கு வருகிறேன். “வண்டி கோயம்புத்தூர்ல வாங்குனது, கேஸ் போட்டா அங்கே அலையணும்” என்று பலர் என்னிடம் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது. ஷோரூம் தேனியில் இருந்தாலும் நீங்கள் குமுளியில் இருந்தால் இடுக்கி மாவட்ட ஆணையம் போதும். பொள்ளாச்சியில் வாங்கிய கொழிஞ்சாம்பாறைக்காரருக்குப் பாலக்காடு போதும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் பதியலாம்.

டாக்சி ஓட்டும் தம்பிகளே, நாங்கள் தொழிலுக்கு ஓட்டுகிறோம், எங்களுக்கு இது செல்லாது என்று நினைக்காதீர்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிய வண்டி என்றால் நீங்களும் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமே போகும் என்பது உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். சீசன் நேரத்தில் வொர்க்ஷாப்பில் விட முடியாமல் ஊற்றி ஓட்டுவதும் நீங்கள்தான் அதிகம். அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. அதனால்தான் சீசனுக்கு முன்னால் அளக்கச் சொல்கிறேன்.

தனியாக வண்டி எடுத்துப் போகும் ஆசிரியைகளும் நர்ஸ் அம்மாக்களும் ஒன்று சொன்னார்கள்: “வீட்டுல ஆம்பளை யாராவது வரச் சொல்லுங்க மேடம், விளக்கிச் சொல்றோம்” என்று திருப்பி அனுப்புகிறார்களாம். வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் விளக்க வேண்டும். ஜாப் கார்டில் உங்கள் வார்த்தை ஏறாமல் அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள்.

கேட்கும்போது நியாயமாகக் கேளுங்கள். கோபத்தில் முதல் கடிதத்திலேயே புது வண்டி கேட்கிறவர்கள் நம்மில் உண்டு. கெட்ட பாகத்தை மாற்றினால் சரியாகும் என்றால், முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று 2006இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அளவைச் சொல்லி, ரிங்கையோ இன்ஜினையோ வாரண்டியில் சரிசெய்யக் கேட்பதே நிற்கும் கோரிக்கை. அதுவரை ஊற்றிய ஆயிலின் பில்லையும் சேர்த்துக் கேளுங்கள்.

இது ஒருவர் கடிதத்தோடு முடிகிற காரியமும் அல்ல. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, சுற்றுச்சூழலுக்கோ பயணிகளுக்கோ கேடு செய்யும் குறை ஒரு மாடலில் இருந்தால், அந்த வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் இருக்கின்றன. குறிப்பிட்ட எண்ணிக்கையில் உரிமையாளர்களின் புகார்கள் சேர வேண்டும் என்பது அதில் ஒரு வழி. ஊத்தி ஓட்டிக்கிறோம் என்று சொன்ன எவரும் அந்த எண்ணிக்கையில் இல்லை. என்னையும் சேர்த்து.

சர்வீஸ் சென்டர்களில் வேலை செய்யும் இளைஞர்களும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். அவர்களிடம் சத்தம் போடாதீர்கள். வாரண்டி கிளெய்மை ஒப்புக்கொள்ளும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை. ஆனால் நீங்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதும் பேனா அவர்கள் கையில் இருக்கிறது. அதை மட்டும் விடாமல் கேளுங்கள்.

வாரண்டி இன்னும் மிச்சம் இருப்பவர்களே, உங்களிடம்தான் என் முதல் வேண்டுதல். இந்த மடலை மடித்து வைத்துவிட்டுப் போய் வாரண்டிப் புத்தகத்தில் தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் முடிகிறது என்றால் இந்த வாரமே அளந்து பாருங்கள். முடிந்தவர்களும் நோட்டுப் போடுங்கள். வாரண்டிக் காலத்தில் ஒரு தடவையாவது எழுத்தில் புகார் கொடுத்திருந்தால் அந்தத் தாளைத் தேடி எடுங்கள். என்னிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால் இந்த மடலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு எங்கள் ஊர்ப் பங்கின் சமதளத்தில், துடைக்கும் துணியோடும் ஒரு நீள நோட்டோடும் நிற்பேன். கே.எல். 70 ஆனாலும் டி.என். 41 ஆனாலும் வாருங்கள். மாடல், வாங்கிய தேதி, கிலோமீட்டர், குறைந்த அளவு, இவ்வளவுதான் எழுதப் போகிறேன். மறையூரில் என் மருமகன் இதே நோட்டைத் தொடங்குகிறார். பூப்பாறையிலும் குமுளியிலும் அகளியிலும் உங்களில் யாராவது ஒருவர் ஒரு நோட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து உங்களில் ஒருவன்